மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு

1

இது கதையாகத் தொடங்கவில்லை, மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. 'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடம் ஒரே அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்த பெண்மணிக்கு 'அன்புள்ள' பொருந்தவில்லை. 'மதிப்பிற்குரிய' என்று மாற்றினால் ராஜினாமாக் கடிதம் போல இருந்தது. ஒருவழியாக மூன்றாவது வரிக்கு வந்து 'அன்றைக்கு நான்' என்று ஆரம்பித்தேன். அதோடு சரி, அதற்கு மேல் பேனா நகரவில்லை.

கடிதம் என்றால் 'நான்' என்று எழுதித்தான் ஆகவேண்டும். கதையில் அந்தத் தொல்லை கிடையாது. 'அவள்' என்று ஆரம்பித்துவிட்டால் வண்டி தானாக ஓடும். அதனால்தான் கதை.

2

முதல் தொடக்கம்: அன்று காலையிலிருந்தே மழை விட்டு விட்டுப்

[மழை பெய்யவில்லை. கதைக்காரர்களுக்கு வேறு ஒன்றும் தோன்றாதபோது மழை பெய்யும்.]

இரண்டாவது தொடக்கம்: ஒரு குழுவில் அதிகாரம் பதவியில் இல்லை, எதைப் பேசாமல் விடலாம் என்று முடிவு செய்கிறவரிடம் இருக்கிறது. ஆகவே

[இதில் உண்மை இருக்கிறது. ஆனால் 'ஆகவே' வந்துவிட்டால் கதை செத்தது.]

மூன்றாவது தொடக்கம்: அவளை அலுவலகத்தில் எல்லோரும் 'மினிட்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இது இருக்கட்டும்.

அவளை அலுவலகத்தில் எல்லோரும் 'மினிட்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டங்களில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெடுத்து, மூன்று கட்டம் போட்ட தாளில் ஏற்றி அனுப்புவது அவள் வேலை. முதல் கட்டம் 'பேசியது', இரண்டாவது 'முடிவு', மூன்றாவது 'பொறுப்பு'. முதல் இரண்டையும் யாரும் படிப்பதில்லை. குறிப்பு வந்ததும் ஒவ்வொருவரும் நேராக மூன்றாவது கட்டத்துக்குப் போய்த் தன் பிரிவின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அவளுக்கு அந்த வேலையில் ஒரு கர்வம் இருந்தது. சொல்லாததை எழுதமாட்டாள், சொன்னதை விடமாட்டாள். 'தோராயமா போட்டுக்கோங்க' என்று யாராவது சொன்னால், 'தோராயமாகப் போட்டுக்கொள்ளுமாறு கூறினார்' என்று எழுதிவிடுவாள்.*

* எனக்கே ஒருமுறை நடந்தது. ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை.

3

வேலை என்னவென்றால், ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளைப் பழைய கணினி முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றுவது. பதினோரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலை மாற்றியே தீர்வது என்று மேலிடத்தில் நாள் குறித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை கூட்டம். கண்ணாடித் தடுப்பு அறை. ஏசி ஜன்னல் பக்கம் மட்டும் குளிரும் என்பதால் எல்லோரும் கதவுப் பக்கம் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து பேர். திட்ட மேலாளரான சார். சோதனைப் பொறியாளர், எதற்கெடுத்தாலும் 'ஏன் சார்?' என்று கேட்பதால் அவருக்குப் பெயரே ஏன்சார் ஆகிவிட்டது. பதிவுகளைச் சேமித்து வைக்கும் பொறுப்பில் இருந்த 'கிடங்கு'. குறிப்பெடுக்க மினிட்ஸ். ஐந்தாவது ஆள் நான், கையேடு எழுதுகிறவன். கதையில் எனக்கு வேலை இல்லை, கண்டுகொள்ளாதீர்கள்.

[முந்தைய பிரதியில் சார் மேசையைத் தட்டிக் கத்துவார். அடித்துவிட்டேன். சார் கத்துகிற ஆள் இல்லை. எதிரே வருகிறவர்களை 'சாப்டாச்சா?' என்று கேட்காமல் விடமாட்டார். பதிலையும் காது கொடுத்துக் கேட்பார்.]

கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே அவருக்கு மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும் எழுந்து நின்று, 'ஆமா சார், புதன்கிழமை சார்' என்றார். நமக்கு அவர் சார். போனுக்கு அந்தப் பக்கம் அவரும் ஒரு 'ஆமா சார்'தான். மூன்றாவது அழைப்பு முடிந்து உட்கார்ந்தபோது காது மடல் சிவந்திருந்தது.

அப்போதுதான் ஏன்சார் வாயைத் திறந்தார்.

"ஒத்திகை இன்னும் பண்ணலை சார். பழைய பதிவும் புதுப் பதிவும் ஒத்துப்போகுதான்னு பாக்க எனக்கு ரெண்டு முழு நாள் வேணும்."

"புதன்கிழமை மாறாது."

"அப்ப ஒத்திகை?"

சார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். கதவுக்குப் போகிற வழியில் ஏன்சாரின் தோளில் லேசாகத் தட்டினார்.

"பாத்துக்கலாம்" என்றார்.

ஏன் ஏன் என்று கேட்டே பேர் வாங்கியவர், அன்றைக்கு 'யார்?' என்று கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒத்திகைக்காகத் தயாராக வைத்திருந்த கணினியை அணைத்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனார். கிடங்கு புதன்கிழமை வேலைக்கு ஆள் ஏற்பாடு செய்தார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

4

கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். (உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் ஐந்துக்குப் போய்விடலாம், நான் வருத்தப்படமாட்டேன்.)

நம் மொழியில் வினைச்சொல் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பார்த்தேன் என்றால் நான், பார்த்தாள் என்றால் அவள். வால் நுனியிலேயே குற்றவாளி உட்கார்ந்திருப்பார். 'லாம்' அப்படிக் காட்டிக்கொடுக்காது. பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்துக்கொள்ளலாம், நீ பார்த்துக்கொள்ளலாம், யாருமே பார்க்காமலும் விடலாம். அலுவலகங்கள் இந்த 'லாம்' மேல்தான் ஓடுகின்றன. செய்யலாம், பேசலாம், அனுப்பிடலாம். நாள் முழுக்க எல்லோரும் சம்மதித்துக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் யாரும் எதற்கும் சம்மதித்திருக்கமாட்டார்கள்.

மினிட்ஸ் அந்த இடத்துக்கு வந்தபோது கொஞ்சம் தடுமாறினாள். 'பேசியது' கட்டத்தில் ஒத்திகை என்று போட்டாள். 'முடிவு' கட்டத்தில் 'பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் கூறினார்' என்று எழுதினாள். 'பொறுப்பு' கட்டத்தில் யார் பெயரும் சொல்லப்படாததால் ஒரு சின்னக் கோடு போட்டாள். குறிப்பை அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை அது வரைவு, யாரும் திருத்தம் சொல்லலாம். அதற்குப் பிறகு அது ஆவணம்.

5

புதன்கிழமை மாற்றினார்கள். எல்லாப் பதிவும் ஒழுங்காக வந்தது, ஒரு கட்டத்தைத் தவிர. எந்தெந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற கட்டம் எல்லா நோயாளிகளுக்கும் காலியாக இருந்தது.

இந்த இடத்தில் ஒருவரைச் சாகடித்தால் கதைக்குக் கனம் கூடும். ஒரு பிரதியில் சாகடித்தும் பார்த்தேன். உண்மையில் நடந்தது வேறு. ஊசி போட வந்த நர்ஸிடம் ஒரு பெரியவர், "அந்த மருந்து எனக்கு ஆகாதும்மா, போன தடவையே எழுதிக்கிட்டீங்களே" என்றார். நர்ஸ் திரையைப் பார்த்தாள், காலி. அடுத்த நோயாளியின் பதிவைப் பார்த்தாள், அதுவும் காலி. உடனே எல்லா வார்டிலும் ஊசியை நிறுத்தினார்கள். ஒரு உயிரும் போகவில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரிந்ததால், வியாழக்கிழமை மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. ஒத்திகையை விட்டது யார் என்று கேட்டிருந்தார்கள். ஆவணத்தோடு பதில் வேண்டுமாம்.

ஒத்திகை விட்டுப்போனதற்கு ஒரே ஆவணம் அவள் குறிப்பு. அதில் ஒரே ஒரு கோடு.

6

வெள்ளிக்கிழமை காலை சார் அவளைக் கூப்பிட்டார். சாப்பிட்டாளா என்று கேட்டார். இரண்டு நாளாக அவர் சரியாகத் தூங்கியதாகத் தெரியவில்லை; சட்டைப் பொத்தான் ஒன்றை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தார். அவளுக்கு அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது.

"அந்தக் கோடு பாக்கவே நல்லா இல்லம்மா" என்றார். "ஏதாவது போட்டுடுங்க."

"என்ன போடறது சார்?"

"சோதனைப் பிரிவுன்னு போடுங்க. ஒத்திகை அவங்க வேலைதானே. அவரைப் பாத்துதானே சொன்னேன், தோளைக்கூடத் தட்டினேனே."

சோதனைப் பிரிவு என்பது ஒரே ஆள், ஏன்சார்.

சார் மேசைமேல் இருந்த கோப்பைத் திறந்து ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுடைய ஒப்பந்த நீட்டிப்புப் படிவம். வருடாவருடம் அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும்.

"இதுவும் இன்னிக்குள்ள போகணும். அஞ்சு மணிக்கு ரெண்டையும் சேத்து முடிச்சிடலாம். வரைவுதானேம்மா, தப்பு ஒண்ணும் இல்ல."

மிரட்டினார் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது, அது இன்னும் மோசம்.

7

மதியம் அவள் கணவனுக்குப் போன் செய்தாள். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யாரோ ஒருவரை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"பேர் போட்டா அந்த ஆளுக்கு என்ன ஆகும்?"

"வேலை போயிடும்."

"போடலைன்னா?"

"எனக்குப் போயிடும்."

அவர் இன்ஜினை அணைத்தார். பிறகு அவர், "அவர் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. ஏன்சாருக்கும் அவளுக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. அவள் குறிப்பில் ஒற்றுப்பிழை கண்டுபிடித்து எல்லோருக்கும் நகல் போட்டு அனுப்புகிற மனிதர் அவர். அவரைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல் வரும். அப்படிப்பட்டவருக்காகத் தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

[இந்த உரையாடல் என் சொந்தச் சரக்கு. வீட்டு விஷயம் எதையும் அவள் என்னிடம் சொன்னதில்லை. அன்று மதியம் மாடிப்படியில் நின்று போன் பேசிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள் என்பது மட்டும் தெரியும். ஆத்திரம் என்பதும் என் ஊகம். அழுகையாகவும் இருக்கலாம்.]

8

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ) கோட்டை எடுத்துவிட்டு 'சோதனைப் பிரிவு' என்று அடித்தாள். சார் கையெழுத்துப் போட்டார். ஏன்சார் ஒரு அட்டைப்பெட்டியில் தன் சாமான்களை

[பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் மேசையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு அகராதியும்தான் இருந்தன. அட்டைப்பெட்டி எதற்கு?]

ஆ) 'சொல்லாததை எழுதமாட்டேன் சார்' என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். எல்லோரும் எழுந்து

[யாரும் எழவில்லை. அப்படி எழுந்து நிற்கிற அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.]

இ) அறையில் இருந்த யாராவது ஒருவர், 'ஒத்திகை வேண்டாம் என்ற அர்த்தத்தில்தான் சார் சொன்னார், நானும் கேட்டேன்' என்று திருத்தம் அனுப்புகிறார். இரண்டு பேர் சொல்லிவிட்டால் அது அவள் எழுத்து மட்டும் அல்ல. சாரால் பழியை யார்மேலும் தள்ள முடியாது. அவரும் தன் மேலிடத்தின் பெயரைச் சொல்லவேண்டி வரும். அவள் வேலையும் தப்பும், ஏன்சாரும் தப்புவார்.

கதைக் கட்டுமானத்தின்படி மூன்றாவதுதான் சரியான முடிவு. அதற்கு ஒரு சாட்சி வேண்டும். ஏன்சார் சொன்னால் செல்லாது, அவரே மாட்டிக்கொண்டவர். அந்தச் சாட்சியைப் படைப்பதற்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது: படைக்க வேண்டியதே இல்லை.

9

நாலரை மணிக்கு அவள் கிடங்கிடம் போனாள். கிடங்கு, தான் அப்போது போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு எதிர் மேசைக்கு வந்தாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க அங்கதானே இருந்தீங்க. சார் எந்த அர்த்தத்துல சொன்னார்?"

எனக்குத் தெரியும். ஐந்து பேருக்கும் தெரியும். எனக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது, எனக்கும் ஒரு படிவம் அதே கோப்பில் இருந்தது.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. 'சரி' என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்க் கணினியைத் திறந்தாள். ஐந்து மணிக்கு அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். செய்தது சரியா, தப்பா, தைரியசாலியா, கோழையா என்றெல்லாம் பட்டிமன்றம் நடத்துவீர்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். டீ குடிக்கப் போன இடத்திலெல்லாம் அவளைப் பற்றித்தான் பேச்சு. என்னைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

10

கதையை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சின்ன அதிகாரம் மிச்சம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஐந்தாவது நாற்காலியிலிருந்து என்னை எழுப்பிவிடுகிறேன். நீங்கள் உட்காருங்கள்.

திங்கட்கிழமை நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். 'புதன்கிழமை மாறாது' என்றதைக் கேட்டீர்கள், தோளில் தட்டியதைப் பார்த்தீர்கள், கணினியை அணைத்ததையும் பார்த்தீர்கள். உங்களுக்கும் மாதாமாதம் ஏதோ ஒரு கையெழுத்தின் தயவு தேவைப்படுகிறது; அதை நான் எழுதிக் காட்டவேண்டியதில்லை.

இப்போது நாலே முக்கால். அவள் எழுந்து வருகிறாள். முகம் கழுவிய ஈரம் காது ஓரத்தில் இன்னும் காயவில்லை. குறிப்புத் தாளை உங்கள் மேசைமேல் வைத்து, ஒத்திகை என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

"நீங்க சொல்லுங்க. என்ன சொன்னார்?"