தொரோத்தாவின் கட்டைவிரல்

தொரோத்தா பதினோராம் பாகத்தில் செத்துப்போவாள். ஓல்ஷான்கா கிராமத்தில் இது தெரியாதவர் கிடையாது. நாற்பத்தைந்து வருடமாகக் கோடை வந்தால் தொலைக்காட்சிக்காரர்கள் அவள் வருகிற சரித்திரத் தொடரை மறுபடி போட்டுவிடுகிறார்கள். அவளும் தவறாமல் சாகிறாள், ஊரும் தவறாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறது. ரெகினா மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வெள்ளரிக்காய் பறிப்பாள். ஒரு மணி நேரம் பறிக்கிற அளவுக்கு அந்தக் கொடியில் காய் இருக்காது. இருந்தாலும் பறிப்பாள். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

இந்த வருடம் அது நடக்கவில்லை. வியாழக்கிழமை அடித்த இடியில் பக்கத்து வீட்டு செஸ்யா சித்தியின் தொலைக்காட்சிப் பெட்டி கருகிப்போனது. ஞாயிறு மதியம் சூப்பு குடித்த கையோடு, கசகசா ரொட்டி ஒரு முழத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சித்தி வந்துவிட்டாள்.

"ஜன்னல்ல இடி மெழுகுவத்திய ஏத்தித்தான் வெச்சிருந்தேன்டி. அந்த இடி ஜன்னல் பக்கமே வரல. ஒயர் வழியா வந்துட்டுது, திருட்டுப்பய," என்று சொல்லிக்கொண்டே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

எழுபத்தொரு வயதுக்காரி வீடு தேடி வந்திருக்கிறாள். கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓட முடியுமா? ரெகினா காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சித்திக்குப் பக்கத்தில், எழுந்து போகத் தோதாகக் கதவோரமாகவே உட்கார்ந்தாள்.

தொரோத்தாவின் கதை பெரிய கதை ஒன்றுமில்லை. முந்நூறு வருடத்துக்கு முன்னால், ஸ்வீடன் படை நாட்டுக்குள் புகுந்த காலத்து விவசாயி அவள். புருஷனைக் கொள்ளையடிக்க வந்த தாத்தாரியர் பிடித்துக்கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. இருக்கும் ஒரே மகன் ஒனுஃப்ரி ராஜாவின் ஓலையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பதிமூன்று பாகமும் குதிரை மேலேயே இருக்கிறான். கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கிறான், மூன்று முறை சிறையிலிருந்து தப்பிக்கிறான், ஒரு சீமாட்டியைக் காதலிக்கிறான். அவன் அவ்வளவும் செய்கிற நேரத்தில் தொரோத்தா கம்பு விதைக்கிறாள், அறுக்கிறாள், மாவு பிசைகிறாள், பசுவுக்குக் கன்று இறக்குகிறாள், சாயங்காலம் படலைப் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்க்கிறாள். எல்லாம் சேர்த்து இருபத்து நான்கு நிமிடம் வருவாள். ஊர்க்காரர்கள் கடிகாரம் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாட்டில் பாதிப் பேர் ஒனுஃப்ரியை மறந்தாலும் அவளை மறக்கவில்லை.

அவளுடைய முகம் தலைநகர் வார்சாவிலிருந்து வந்த பானி இர்மினா, அதாவது இர்மினா அம்மையார், என்ற நடிகையின் முகம். கைகள் ரெகினாவின் அம்மா கெனோவேஃபாவின் கைகள்.

அது நடந்த விதமே வேடிக்கை. முதல் நாள் படப்பிடிப்பில் பானி இர்மினா ரொட்டியை எடுத்தாள், கத்தியை வைத்தாள், அறுத்தாள். ரொட்டியின் முதுகில் கத்திமுனையால் சிலுவை போடாமல் அப்படியே அறுத்துவிட்டாள். சுற்றி நின்ற ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மூச்சை இழுத்த சத்தத்தில் ஒலிப்பதிவு கெட்டுப்போனது. இயக்குநருக்கு எதுவும் புரியவில்லை. கூட்டத்திலிருந்து கெனோவேஃபா நேரே போய், நடிகையின் கையிலிருந்த கத்தியை வாங்கி, சிலுவை போட்டு, ரொட்டியை மார்போடு அணைத்து ஒரு துண்டு அறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். இயக்குநர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாளிலிருந்து மாவு பிசைவதும் பால் கறப்பதும் கதிர் அறுப்பதும் கெனோவேஃபா. பெருமூச்சு விடுவதும் அழுவதும் பானி இர்மினா.

இடது கட்டைவிரலின் குறுக்கே அரிவாள் வெட்டிய பழைய தழும்பு ஒன்று அம்மாவுக்கு உண்டு. மறைக்கவேண்டாம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அதனால் தொரோத்தாவுக்கு மாவு பிசையும்போது தழும்பு இருக்கும், கண்ணைத் துடைக்கும்போது இருக்காது. அப்பா யூலியன் இரண்டு கோடை முழுக்க இதே பேச்சாகத் திரிந்தார். பெண்டாட்டியின் கை மட்டும் சினிமாவில் சம்பாதிக்கிறது, வாய் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது, மாற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பார். அம்மா அதே கையால் அவருக்குத் தட்டு வைப்பாள், கொஞ்சம் சத்தமாக.

எவ்வளவு நல்ல கோடைகள் அவை. ரெகினாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முற்றத்தில் ஸ்வீடன் சிப்பாய்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மோர் குடிப்பார்கள். ஒனுஃப்ரியின் குதிரைக்கு அவள்தான் தண்ணீர் காட்டினாள்; ஒனுஃப்ரிக்கே குதிரை என்றால் உள்ளுக்குள் பயம் என்ற ரகசியம் அவளுக்குத் தெரியும். இன்றைக்கும் புது வைக்கோல் வாசம் வந்தால் அவளுக்கு அந்த விளக்குகளின் சூடும் அம்மாவின் சிரிப்பும்தான் ஞாபகம் வரும்.

தகராறு பதினோராம் பாகத்தில்தான் வந்தது. ஸ்வீடன்காரர்கள் களஞ்சியத்தைக் கொளுத்துகிறார்கள், தொரோத்தாவுக்குக் குண்டு படுகிறது, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவள் கையில் இடி மெழுகுவர்த்தியைப் பிடிக்க வைக்கிறாள், அவள் போகிறாள். இடி மெழுகுவர்த்தி என்றால் பிப்ரவரித் திருநாளன்று கோயிலில் மந்திரித்து, காற்றில் அணையாமல் கையால் பொத்திக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவருவது. இடி இடித்தால் ஜன்னலில் வைக்கலாம், பிரசவ வேதனையில் தலைமாட்டில் வைக்கலாம். ஆனால் கையில் பிடிப்பது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். உயிர் போகிற நேரத்தில்.

கெனோவேஃபா மாட்டேன் என்றாள். இரண்டு நாள் படப்பிடிப்பு நின்றது. இயக்குநர் வீட்டுக்கே வந்தார், காப்பித்தூள் பொட்டலமும் சாக்லேட்டும் வைத்துவிட்டுக் கெஞ்சினார். பொட்டலத்தோடு திரும்பிப் போனார். ரெகினா அந்த இரண்டு நாளும் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மெழுகுவர்த்தியைப் பிடித்தால் அம்மா செத்துவிடுவாள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் காலை அம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர்கள் கொண்டுவந்திருப்பது கடை மெழுகுவர்த்தி, மந்திரிக்காதது, வெறும் பொம்மை, அதனால் ஒன்றும் ஆகாது என்றாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நடிக்கப் போனாள்.

அடுத்த குளிர்காலத்தில் தீயணைப்புக் கூடத்தில் ஊரே ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் பாகத்தைப் பார்த்தது. தொரோத்தா கண்ணை மூடியதும் ரெகினா ஓவென்று அழுதாள். அம்மா அவளை இடுப்பில் கிள்ளினாள்.

"கையப் பாருடி. கட்டைவிரல் ஆடுதா? செத்தவளுக்கு ஆடுமா?"

ஆடியது. உயிர் போன பிறகு, மெழுகு சொட்டி, அந்தத் தழும்புக் கட்டைவிரல் ஒரு முறை துடித்தது. இயக்குநர் கவனிக்கவில்லை, நாடு கவனிக்கவில்லை. ஓல்ஷான்கா மட்டும் அழுத கண்ணோடு சிரித்தது. அதற்குப் பிறகு பல வருடம் ரெகினாவுக்குப் பிடித்த பாகமே பதினொன்றுதான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் அம்மா நெஞ்சு வலி என்று மாவட்ட மருத்துவமனையில் படுத்தாள். சீக்கிரம் வரச்சொல்லித் தகவல் வந்ததும் ரெகினா சாமி படத்துக்குப் பின்னால் இருந்த இடி மெழுகுவர்த்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினாள். வழியில் பனி மூடிப் பேருந்து நின்றது. இறங்கி, பனியில் நடந்து, அவள் கட்டிலருகே போய் நின்றபோது உயிர் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அம்மாவின் கைகள் போர்வைக்கு மேல் வெறுமையாக இருந்தன. கட்டைவிரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஆடவில்லை.

ஊருக்கு வந்து, அம்மா மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடியேதான் போனாள் என்று சொல்லிவிட்டாள். ஊர் நிம்மதியாகத் தலையாட்டியது. அன்றிலிருந்து பதினோராம் பாகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அம்மாவை வெறுங்கையோடு அனுப்பியவள், அந்தக் கையில் பொய் மெழுகுவர்த்தி எரிவதை எந்த முகத்தோடு பார்ப்பது?

இப்போது திரையில் களஞ்சியம் எரிந்துகொண்டிருந்தது. சித்தி ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் வேடம் சித்திதான். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது, இடுப்பு இத்தனூண்டு. தன்னைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வாய் மூடிவிடும். ரெகினா எழுந்து போக நினைத்தாள். ஆனால் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டாள்.

இந்த வருடம் படத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து போட்டிருந்தார்கள். முன்பு மங்கலாகத் தெரிந்ததெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அம்மாவின் கைகள் திரை முழுக்க வந்தன. நகத்தில் மண், தழும்பு, நரம்பு. அந்தக் கைகளுக்கு நடுவில் மெழுகுவர்த்தி. அதன் இடுப்பில் ஆளி நார் சுற்றியிருந்தது, நாரின் மேல் நீலக் கம்பளி நூல் மூன்று சுற்று.

ரெகினா அந்த நூலை அறிவாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட குல்லாயைப் பிரித்த நூல். அம்மா அதைத் தவிர வேறு எதையும் வீட்டு மெழுகுவர்த்தியில் சுற்றமாட்டாள். பத்தொன்பது வருடமாக அது இதோ, இவர்கள் தலைக்கு மேல், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

மெழுகு சொட்டியது. கட்டைவிரல் துடித்தது.

"சித்தி," என்றாள் ரெகினா. "அது எங்க வீட்டு மெழுகுவத்தி."

திரையில் ஒனுஃப்ரி குதிரையில் ஏறிவிட்டான். அம்மாவுக்கு ஆபத்து என்று அவனுக்குச் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. இனி பத்து நிமிடம் அவன் காடும் ஆறும் தாண்டி வருவான்.

"உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா," என்றாள் சித்தி கடைசியாக. "பொண்ணு பயந்துடும்னா. நீ பெரியவளானப்புறம் அவளே சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

பிறகு சொன்னாள். விளக்கெல்லாம் போட்டு, பானி இர்மினா முகத்தைக் காட்டி அழுது முடித்து எழுந்து போனதும், அதே இடத்தில் கெனோவேஃபா படுத்தாள். அவர்கள் கொடுத்த வெள்ளை மெழுகுவர்த்தியைப் போர்வைக்கடியில் தள்ளிவிட்டு, சட்டைக்குள்ளிருந்து இதை எடுத்துச் செஸ்யாவிடம் நீட்டினாள். செஸ்யா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வேண்டாம் அக்கா, என்னால் இதை உன் கையில் வைக்க முடியாது என்றாள். ஸ்வீடன் படை வந்த காலத்தில் ஆலையில் நூற்ற நூல் சுற்றிய மெழுகுவர்த்தி ஏது என்று கேட்க அங்கே வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உங்கம்மா படுத்துக்கிட்டே என்னத் திட்டினா. 'அவளுக்குன்னு யாரு இருக்கா, சொல்லு. புருஷனக் கொண்டுபோயிட்டானுங்க. பையன் குதிரையும் தானுமா திரியறான், வந்து சேரமாட்டான். ரெண்டு வருஷமா என் கையாலதான் அவ மாவு பெசஞ்சா, பால் கறந்தா. போறப்போ மட்டும் கடை மெழுகுவத்தியப் பிடின்னு சொல்லவா?' அப்பிடீன்னா. ஒரு தடவைதானே அக்கா பிடிக்கலாம்னேன். 'ஆமா, ஒரு தடவைதான். என் தடவைய அவளுக்குக் குடுத்துட்டேன்'னா."

சித்தி மேலங்கியின் நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

"'அப்ப உனக்கு?'ன்னு கேட்டேன். 'எனக்கென்னடி, எனக்கு ரெகினா இருக்கா'ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிட்டா. நான் அழுதது நடிப்பில்லடி. எல்லாரும் என்னமா நடிச்சேன்னு சொல்றாங்க."

இத்தனை வருடம் ஒருவரிடமும் சொல்லாததை இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று ரெகினாவுக்குத் தெரிந்தது.

"நான் இல்ல சித்தி. நான் போறதுக்குள்ள போயிட்டாங்க. பேருந்து பனியில நின்னுடுச்சு. மெழுகுவத்தி பைக்குள்ளயே இருந்துச்சு. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

சித்தி இப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று ரெகினா காத்திருந்தாள். அப்படித் திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அந்தப் பனியிலயா போன?"

"நடந்து போனேன். எட்டு கிலோமீட்டர்."

"போய்ச் சேந்தியா இல்லியா?"

"சேந்தேன்."

"கையப் பிடிச்சியா?"

"பிடிச்சேன். இன்னும் சூடா இருந்துச்சு."

"அப்புறம் என்னடி," என்றாள் சித்தி. கசகசா ரொட்டியில் ஒரு துண்டு அறுத்து அவள் தட்டில் வைத்தாள். தின்னு என்று சொல்லவில்லை. ரெகினா அழுதுகொண்டே தின்றாள். அழுகை வெகுநாள் கழித்துத் தடையில்லாமல் வந்தது, நெஞ்சில் எதையும் பிய்த்துக்கொண்டு வரவில்லை.

குளம்புச் சத்தம் கேட்டது. ஒனுஃப்ரி படலைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். சட்டை கிழிந்திருந்தது, கன்னத்தில் ரத்தம். களஞ்சியம் புகைந்துகொண்டிருந்தது. அவன் வாசல்படியில் மண்டியிட்டுத் தொப்பியைக் கழற்றினான். இந்த இடத்தில்தான் ஊர் முழுக்க ஒவ்வொரு வருடமும் அவனை வாய்க்கு வந்தபடி ஏசும். ரெகினாவே சின்ன வயதில் அவன் மீது செருப்பை எறிந்திருக்கிறாள்.

சித்தியும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வந்துட்டான் பாரு, சோம்பேறி. எல்லாம் முடிஞ்சப்புறம், மகராசன் இப்பதான்..."

"திட்டாதீங்க சித்தி," என்றாள் ரெகினா. "வந்துட்டான்ல."

சித்தி மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். இருவரும் அந்தப் பாகத்தைக் கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை பார்த்தார்கள். அதில் பானி இர்மினாவின் பெயர் இருந்தது, குதிரைகளைக் கொடுத்த பண்ணையின் பெயர்கூட இருந்தது. கெனோவேஃபாவின் பெயர் இல்லை. அது எப்போதும் இருந்ததில்லை. ரெகினா எழுந்து நாற்காலி போட்டு ஏறி, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்து, நீல நூலில் படிந்த தூசியை ஊதினாள்.