பத்துக் குப்பி அட்ரோபின்

மத்தியானம் ஒன்றரை மணிக்கு, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் லாரியில் வில்மரைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆள் தொப்பலாக நனைந்து கிடந்தான். வியர்வை, எச்சில், கண்ணீர், மூத்திரம், எல்லாம் சேர்ந்த ஈரம். வாயோரத்தில் வெள்ளையாகப் பால் வழிந்தது. அந்தப் பாலைக் கண்டதும் சோய்லாவுக்குக் கோபம் உச்சிமண்டை வரை ஏறிவிட்டது.

"எவ்வளவு பால் குடுத்தீங்க?"

"ஒரு லிட்டர்தான், கொமாத்ரே," என்றாள் வில்மரின் பெண்டாட்டி மரிசேலா. "விஷத்தை முறிக்கும்னுதானே..."

"முறிக்கும்! நுரையீரல்ல போய் உக்காந்து இவனை முறிக்கும்! இருபத்திரண்டு வருஷமா கரடியா கத்தறேன், ஒருத்தர் காதுலயாவது ஏறுதா?"

அந்த மலை ஊரின் சுகாதார நிலையத்துக்கு நர்ஸ், மருந்துக்காரி, கணக்குப் பிள்ளை எல்லாம் சோய்லாதான். மரிசேலாவின் மூத்த பெண்ணுக்கு ஞானத்தாயும் அவளே. அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வது. டாக்டர் நத்தாலி கடற்கரைப் பட்டணத்துப் பெண். படிப்பு முடித்ததும் ஒரு வருஷம் கிராமத்தில் வேலை பார்த்தே ஆகவேண்டும் என்ற சட்டத்தால் வந்து மாட்டிக்கொண்டவள். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவாள். ஆனால் கை நடுங்காது, அது வரைக்கும் சரி.

நத்தாலி வில்மரின் இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கியிருந்தது. நாடி நாற்பத்தாறு. நெஞ்சில் காதை வைக்கவே வேண்டாம், கஞ்சி கொதிக்கிற மாதிரி களகளவென்று வெளியிலேயே கேட்டது.

"என்ன அடிச்சான்?"

"கிழங்குப் புழுவுக்கு அடிக்கிறதுதான்," என்றாள் மரிசேலா. "பீப்பாயில குச்சியைக் காணோம்னு கையாலயே கலக்கினாராம்."

சோய்லா தலையில் அடித்துக்கொண்டாள். கையாலேயாம்! குழம்பைக்கூடக் கையை விட்டுக் கலக்கமாட்டான் மனுஷன்.

நாம் சொல்லாமலே தானாக வேலை செய்கிற நரம்புகள் உடம்பில் உண்டு. எச்சில், வியர்வை, குடல், இதயத் துடிப்பு எல்லாம் அவற்றின் பொறுப்பு. இந்த விஷம் அவற்றையெல்லாம் தண்ணீர்க் குழாய் மாதிரி திறந்துவிட்டு, மூடுகிற திருகையும் உடைத்துப் போட்டுவிடும். கடைசியில் ஆள் தன் நெஞ்சில் ஊறிய தண்ணீரிலேயே மூழ்கிச் சாவான். குழாயை அடைக்க ஒரு மருந்து உண்டு. அதன் பெயர் அட்ரோபின்.

நத்தாலி இரண்டு குப்பி ஏற்றினாள். ஐந்து நிமிஷம் கழித்து நெஞ்சைக் கேட்டாள், இன்னும் ஈரம். நாலு குப்பி ஏற்றினாள். மறுபடி ஐந்து நிமிஷம். ஈரம்.

"எட்டு குடுங்க."

"நாலுதான் இருக்கு டாக்டரம்மா."

"வேற பெட்டி?"

"பெட்டியே ஒண்ணுதான். மாசத்துக்குப் பத்துக் குப்பி."

அந்த நாலும் உள்ளே போயின. மாகாண ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் நாலு மணிக்கு முன்னால் வராது, வழியில் மண் சரிந்து கிடந்தது. சோய்லா மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி மேஜைமேல் வைத்தாள்.

"சுத்தி நாலாயிரம் ஏக்கர் உருளைக்கிழங்கு, வாரம் தவறாம மருந்தடிப்பு, எங்களுக்குப் பத்துக் குப்பியா? அங்க உக்காந்து காபி குடிக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

எதிர்முனையில் இருந்தவர் கோபப்படவேயில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"செஞ்யோரா, போன நாலு வருஷத்துல எத்தனை கேஸ் வந்துச்சோ, அதை வெச்சுத்தான் மருந்து ஒதுக்கறோம். உங்க நிலையத்துல பூச்சிமருந்து கேஸ் பூஜ்யம். நியாயமாப் பார்த்தா ஒரு குப்பிகூட வரக்கூடாது. பாவம்னு பத்து போட்டிருக்கோம்."

"பூஜ்யமா?" நத்தாலி நிமிர்ந்தாள். "நான் வந்த இந்த அஞ்சு மாசத்துலயே நாலு பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கேனே!"

சோய்லா போனை வைத்தாள். நத்தாலி நோயாளிப் பதிவேட்டைப் புரட்டினாள். சளிக்காய்ச்சல். வயிற்றுப்புண். நேற்றுக் குடித்த சரக்கின் மப்பு. மறுபடி மப்பு. உழவு மாடு மாதிரி உழைக்கிற ஆட்கள், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மப்பு. அத்தனையும் சோய்லாவின் குண்டு குண்டுக் கையெழுத்து.

ஏன் எழுதினாள்? எழுதாமல் அங்கே குடியிருக்க முடியாது. மருந்தடித்து விழுந்தவனை அந்த ஊரில் ரத்தம் தண்ணி என்பார்கள். ரத்தம் கெட்டியானவனை விஷம் அண்டாதாம். விழுந்தவன் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் எந்தப் பண்ணைக்காரனும் அடுத்த தடவை கூப்பிடமாட்டான், சகாக்கள் கல்யாண வீட்டில் வைத்துக் கேலி பண்ணுவார்கள். அதனால் எச்சில் ஒழுகிக்கொண்டே வருவான், மூச்சு திரும்பியதும் முதல் காரியமாகச் சோய்லாவின் கையைப் பிடிப்பான். அக்கா, சளின்னு போட்டுடுங்க. இரக்கப்பட்டுத்தான் போட்டாள். இரக்கம்! அந்த நேரத்தில் அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போல் இருந்தது.

"டாக்டரம்மா, காத்து போற பாதையில ஊறற தண்ணியை மட்டும் உறிஞ்சி எடுத்துக்கிட்டே இருங்க. தோ வந்துடறேன்."

வெள்ளைச் செருப்போடு தெருவில் ஓடினாள். தோன் எலீசியோவின் கடை சதுக்கத்தின் மறுபக்கம் இருந்தது. பூச்சிமருந்து, விதை, மாட்டு உப்பு, மாட்டு மருந்து எல்லாம் அங்கேதான். வில்மர் மருந்தடித்த வயலும் அவருடையதே.

"மாட்டு அட்ரோபின் இருக்கில்ல? எடுங்க, சீக்கிரம்."

தோன் எலீசியோ ஆற அமர அலமாரியைத் திறந்து, சின்னக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்தார். மருந்தடித்த புல்லைத் தின்ற பசுவுக்குப் போடுகிற ஊசி. அவர் பண்ணையில் எட்டுப் பசுவுக்கு எப்போதும் இரண்டு புட்டி தயாராக இருக்கும். சோய்லா கையை நீட்டினாள். அவர் புட்டியை நீட்டினார், ஆனால் விடவில்லை.

"பையன் பொழச்சா எனக்கும் சந்தோஷம்தான் சோய்லா. புத்தகத்துல மட்டும் வழக்கம் போல எழுதிடு. என்ன?"

"முதல்ல கையை எடுங்க."

"என்னன்னு கேட்டேன்."

"சரி," என்றாள் சோய்லா. நிஜமாகச் சொன்னாளா, பொய்யாகச் சொன்னாளா என்று அப்போது அவளுக்கே தெரியாது.

நத்தாலி புட்டியைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். லேபிளில் ஒரு காளை நின்றுகொண்டிருந்தது.

"இதை மனுஷனுக்குப் போட்டா என் லைசென்ஸ் போயிடும் சோய்லா!"

"போடலைன்னா அவன் உசுரு போயிடும். மாட்டுக்கு வேற அட்ரோபின், மனுஷனுக்கு வேற அட்ரோபின்னு கிடையாதே. அளவுதானே வேற? நீங்கதானே படிச்சவங்க, கணக்குப் போடுங்க!"

நத்தாலி அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் மூன்று தடவை கணக்குப் போட்டாள். ஒரு மில்லியில் பத்துக் குப்பி மருந்து. புட்டியில் ஐம்பது மில்லி. அரசாங்கம் மாசத்துக்குப் பத்து என்று கிள்ளிக் கொடுக்கிற சரக்கு, ஐந்நூறு குப்பி அளவுக்கு மாட்டு உப்போடு சேர்ந்து சதுக்கத்தின் அந்தப் பக்கம் தூங்கியிருக்கிறது.

நீர் கலந்து, அளந்து, எட்டுக் குப்பி அளவு ஏற்றினார்கள். பிறகு பதினாறு. நாடி ஏறியது, கண்மணி விரிந்தது. "போதுமா?" என்று நத்தாலி தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, நெஞ்சைக் கேட்டு, போதாது என்று தலையாட்டினாள். கண்ணைப் பார்த்து நிறுத்தக்கூடாது, நெஞ்சு காயவேண்டும். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். மூன்றே கால் மணிக்குக் களகளச் சத்தம் அடங்கியது. வில்மரின் முகம் செவசெவவென்று சிவந்தது. நாக்கு கட்டையாகக் காய்ந்தது. மருந்து மண்டைக்கு ஏறியதில், கண்ணுக்குத் தெரியாத எதையோ போர்வையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிப் போட்டான்.

"எனக்கொண்ணும் இல்ல!" என்று கத்தினான். "என் ரத்தம் கெட்டி! எவன்டா சொன்னான் தண்ணின்னு?"

"பொழச்சிட்டாரு!" மரிசேலா சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேனே."

"பொழைக்கல," என்றாள் நத்தாலி. "மருந்து இறங்கினதும் மறுபடி ஊறும். மூணு நாளாவது விடாம ஏத்தணும். இப்ப குடுத்தது ஒண்ணு ரெண்டு மணி நேரம் தாங்கும்."

நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது, வில்மரோடு மருந்தடித்த செகுந்தோவும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தான். டாக்டர் நகர வழியில்லை, நர்ஸும் நகர வழியில்லை. ஆம்புலன்ஸிலோ டிரைவர் ஒரே ஆள்.

"எங்கிட்ட வைத்தியம் சொல்லாதீங்க," என்றார் அவர். "நான் வண்டி ஓட்டறவன். சீட்டுல எழுதிக் குடுங்க, கூட வர்றவங்க அதை அங்க நீட்டுவாங்க."

நத்தாலி சீட்டு எழுதினாள். மரிசேலா வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். சோய்லா கதவைச் சாத்தப் போகும்போது பார்த்தாள்: கொமாத்ரே அந்தச் சீட்டை நாலாக மடித்து, எட்டாக மடித்து, ரப்பர் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டிருந்தாள்.

"அங்க போய் என்னன்னு சொல்லுவ?"

மரிசேலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்!"

"சரக்கு ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொல்லுவேன்." சட்டென்று தலையைத் தூக்கினாள். "ஏன் முறைக்கற? ஜனவரியில இதே மாதிரி விழுந்தப்ப நீதானே அப்படி எழுதின? அப்ப பொழைக்கலையா? இவருக்கு ரத்தம் தண்ணின்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என் புள்ளைங்களுக்கு நீயா சோறு போடப்போற?"

ஜனவரியில் எழுதியது அவள்தான். பூட்ஸிலிருந்து சீட்டைப் பிடுங்கித் திரும்பக் கொடுத்தாலும் வழியில் ஜன்னலுக்கு வெளியே போகும், டிரைவரிடம் கொடுத்தாலும் இறங்கியதும் இவளே கேட்டு வாங்கிக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"ஒரு நிமிஷம் நில்லுங்க!" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள். புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்துப் புட்டியும் பஞ்சு சுற்றிய குச்சியுமாகத் திரும்பி வந்தாள். வில்மரின் சட்டையை விலக்கினாள். காய்ந்த நெஞ்சில், கழுத்தெலும்பிலிருந்து தொப்புள் வரை, தன் குண்டு எழுத்தில் எழுதினாள். பூச்சிமருந்து விஷம். அட்ரோபின் ஏற்றவும். நெஞ்சு காயும்வரை நிறுத்தாதே.

"ஐயோ, அது போகவே போகாதே!" மரிசேலா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பதினஞ்சு நாளைக்குத் தேச்சாலும் போகாது! ஊரே படிக்குமே பாவி!"

"படிக்கட்டும்டி."

"இனிமே என் வாசப்படி மிதிக்காத!"

"மிதிக்கல. அவன் உசுரோட வந்து துரத்தட்டும், ஓடிப் போறேன்."

வண்டி போய்விட்டது. சோய்லா சுவரில் சாய்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். தோன் எலீசியோவுக்குக் கொடுத்த வாக்கு அதோடு போயிற்று.

ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நத்தாலி எடுத்தாள். மறுமுனையில் ஒரு டாக்டர், கூட வந்த பெண் குடி என்று சாதித்ததாகவும், சட்டையைத் திறந்ததும் மருந்தை ஆரம்பித்துவிட்டதாகவும், ஆள் தாங்கிவிடுவான் போலிருப்பதாகவும் சொன்னார். நெஞ்சில் எழுதிய மகராசி யார் என்றும் கேட்டார். நத்தாலி சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

சோய்லா செகுந்தோவின் கட்டிலருகில் நின்றிருந்தாள். ஊசி ஏறியதில் அவனுக்கு மூச்சு சீராகியிருந்தது. எச்சிலைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அவள் கையை மெல்லப் பிடித்தான்.

"அக்கா, எனக்கு வெறும் சளிதான். புத்தகத்துல அப்படியே போட்டுடுங்க, என்ன?"

"சட்டையைக் கழட்டு," என்றாள் சோய்லா.