வெங்கடகிருஷ்ணன் மறந்தால் விலை இறங்கும்

டெக்ஸாஸில் கேட்டி என்ற ஊரில் வசிக்கும் வெங்கடகிருஷ்ணன் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயரை மறந்தால், அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஆட்டக்காரரின் பழைய கார்டு நாடு முழுக்க விலை இறங்கிவிடும். ஞாபகம் வந்தால் ஏறிவிடும். இது தெரியவருவதற்கு முன்னால் கார்டு சேர்ப்பவர்கள் வேறு காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கார்டு என்பது உள்ளங்கைக்குள் அடங்குகிற அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு. ஒரு காலத்தில் பபிள்கம் வாங்கினால் கூடவே வந்த சமாசாரம். பையன்கள் காலேஜுக்குப் போனதும் அம்மாக்கள் அதைக் குப்பையில் போட்டார்கள், அதனால்தான் மிஞ்சியதற்கு இத்தனை மதிப்பு என்றார்கள் சிலர். ஆட்டக்காரர் இறந்தால் ஏறும், யார் வீட்டுப் பரணிலோ ஒரு பெட்டி நிறையக் கிடைத்தால் இறங்கும், மூலை மழுங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். எல்லாம் ஓரளவுக்கு உண்மைதான். வெங்கடகிருஷ்ணன் மட்டும் அந்தக் கணக்கில் வராமல் இருந்தார்.

அவர் நங்கநல்லூரிலிருந்து எம்.எஸ். படிக்க நியூ ஜெர்சிக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில். ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தார். முதல் கோடை விடுமுறையில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. கிரிக்கெட் ஸ்கோர் அண்ணாவின் கடிதத்தில் மூன்று வாரம் கழித்து வரும். வீட்டுக்காரர் விட்டுப்போன ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை ஓடும். ஒன்றும் புரியாமல்தான் கேட்க ஆரம்பித்தார். மழையால் ஆட்டம் நிற்கும்போதெல்லாம் வர்ணனையாளர் ஐம்பதுகளில் ஆடியவர்களின் கதைகளைச் சொல்லுவார். விரல் ஒடிந்தும் பந்து பிடித்த வில்லார்ட் டூம்ஸ். சொந்தக் கல்யாணத்துக்கு ஆட்ட உடுப்போடு போன சாம் பெட்டிகோ. வெங்கடகிருஷ்ணனுக்கு ஆட்டத்தைவிட மழை பிடித்துப்போனது. அந்த வருஷம் ஒரு சந்தையில் செருப்புப் பெட்டி ஒன்றில் அதே பெயர்கள் முகத்தோடு கிடைத்தபோது, தூரத்துச் சொந்தக்காரர்களைப் பார்த்தவர்போல அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்ததைக் கொடுத்துப் பெட்டியோடு வாங்கிவந்தார்.

பிறகு ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி வேலை, ஷ்யாமளாவோடு கல்யாணம், விஷாகா பிறந்தது, கேட்டியில் வீடு என்று வருஷங்கள் போயின. சனிக்கிழமை தோறும் காய்கறி வாங்க இந்தியக் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டுக்கு ஃப்ரீவேயில் போகும்போது அவர் ஒரு ஆட்டக்காரரின் கதையைச் சொல்வார். ஷ்யாமளா ஜன்னல் வழியாகப் பார்த்தபடி ‘ம்’ கொட்டுவாள். கறிவேப்பிலை தீர்வதற்குள் கடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவள் கவலை. முப்பத்தைந்து வருஷம் இப்படியே போனது.

அவர் ரிட்டயர் ஆன மறுவருஷம் ஊரடங்கு வந்தது. ஹில்கிராஃப்டும் இல்லை, கோயிலும் இல்லை. வெங்கடகிருஷ்ணன் ஆல்பங்களையெல்லாம் டைனிங் டேபிளில் பரப்பி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அந்த வசந்தத்தில் பழைய கார்டுகள் அதுவரை யாரும் பார்த்திராத விலைக்குப் போயின. ஜனங்கள் வீட்டில் அடைந்துகிடப்பதால்தான் என்று நிபுணர்கள் எழுதினார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, கடையிலிருந்து திரும்பும் வழியில், “அவன்தான் ஷ்யாமு, அந்த கேட்சர், விரல் ஒடிஞ்சும்...” என்று ஆரம்பித்தவருக்குப் பெயர் வரவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் வில்லார்ட் டூம்ஸ் பாதி விலைக்கு இறங்கியிருந்தார். டாக்டர் அந்த மறதிக்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

முதலில் கண்டுபிடித்தது ஷ்ரேயஸ். நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் கார்டுக் கடை வைத்திருந்தான், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தவன். வெங்கடகிருஷ்ணனிடம் டபுளாக இருக்கும் கார்டுகளை வாங்குவதற்காக அடிக்கடி போன் செய்வான். போனில் அங்கிள் எந்தப் பெயரில் தடுமாறுகிறாரோ அந்தப் பெயர் அன்றைக்கே விழுவதைக் கவனித்தான். ஒருநாள் வேண்டுமென்றே டூம்ஸின் கதையை எடுத்துக்கொடுத்தான். அங்கிளுக்குச் சட்டென்று எல்லாம் ஞாபகம் வந்தது. டூம்ஸ் எழுந்து நின்றார். அடுத்த வாரமே ஷ்ரேயஸ் விமானம் ஏறி கேட்டிக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் டல்லாஸிலிருந்தும் சான் ஹோசேயிலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள். ஷ்யாமளா வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்தாள். இத்தனை பேர் அவர் பேச்சைக் கேட்க வந்திருக்கிறார்களே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர்கள் ஒரு கார்டை அவர் முன்னால் வைப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். பெயர் வந்ததும் எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு புல்வெளிக்கு ஓடுவார்கள்.

ஆனால் உள்ளே ஒன்று வரும்போது வேறொன்று வெளியே போனது. ராய் காஸ்டெல்லானோ என்ற ஆட்டக்காரர் ஞாபகத்துக்குத் திரும்பி வந்த அன்று அவருக்கு பாத்ரூம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனது. இன்னொருவர் வந்தபோது சட்டைப் பட்டன் போடுவது போனது. சாம் பெட்டிகோ கல்யாண உடுப்பு முதற்கொண்டு முழுசாக ஞாபகம் வந்த அன்று, கலிஃபோர்னியாவிலிருந்து வீடியோ காலில் வந்த மகளைப் பார்த்து வெங்கடகிருஷ்ணன், “நமஸ்காரம் மேடம், யார் வேணும்?” என்று மரியாதையாகக் கேட்டார். திரையில் விஷாகா அப்பாவுக்குப் பின்னால் அம்மாவைத் தேடினாள். பிறகு, “அம்மா, திஸ் ஹேஸ் டு ஸ்டாப்,” என்றாள். ஷ்யாமளா ஹாலுக்குப் போய், உட்கார்ந்திருந்தவர்களின் காபி டம்ளர்களைக் காலியானதும் காலியாகாததுமாகச் சேர்த்து எடுத்தாள்.

“போறும். எல்லாரும் கிளம்புங்கோ.”

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. விலைகள் இறங்க ஆரம்பித்தன. முதலில் பந்து வீசுகிற பிட்ச்சர்கள், பிறகு மற்றவர்கள். சான் ஹோசேயில் இரண்டு கடைகள் மூடின. ஒரு பத்திரிகை வட்டி விகிதத்தைக் காரணம் சொன்னது. கேட்டியில் வெங்கடகிருஷ்ணன் மத்தியான வெயிலில் பின்கட்டு நாற்காலியில் உட்கார்ந்து அணில்களைப் பார்த்தார். ஆல்பத்தைக் கொடுத்தால் பக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஷ்யாமளாவுக்கு அதுதான் தாங்கவில்லை. அந்த முகங்கள்மேல் அவளுக்கு ஒரு நாளும் பிரியம் இருந்ததில்லை. ஆனாலும் அவருக்கென்று இருந்த ஒரே சினேகிதர்கள் அவர்கள்.

ஐப்பசியில் ஷ்ரேயஸ் மட்டும் தனியாக வந்தான். இளைத்திருந்தான். வாசலிலேயே நின்று பேசினான்.

“ஆன்ட்டி, நான் இருந்த பணத்தையெல்லாம் ஒரே ப்ளேயர் கார்டுல போட்டுட்டேன். கடையே போயிடும். வீட்ல இன்னும் சொல்லல. ஒரே ஒரு தடவை அங்கிள்கிட்ட கேக்கறேன்.”

“முடியாது.”

“அஞ்சு நிமிஷம் ஆன்ட்டி.”

“அந்த அஞ்சு நிமிஷத்துல எது போகும்னு உனக்குத் தெரியுமா? நேத்திக்கி என் கைய நன்னா பாத்துட்டு, மோதிரம் அழகா இருக்கு, யார் வாங்கிக் கொடுத்தான்னு கேட்டார். அந்த மட்டும் பேச்சு இருக்கு. அதையும் உனக்குத் தந்துட்டு நான் என்ன பண்ணட்டும்?”

ஷ்ரேயஸ் கிளம்பத் திரும்பினான். அப்படியே அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளே கூப்பிட்டு ரசம் சாதம் போட்டாள். அவன் சாப்பிடும்போது மேஜைமேல் வைத்திருந்த, பணமெல்லாம் போட்ட அந்தக் கார்டு அவள் கண்ணில் பட்டது. காது கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்த ஒரு இளைஞன், தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

“இவன்தானே மழை வந்து எல்லாரும் ஓடிப்போனப்பறமும் க்ரவுண்ட்லயே நின்னுண்டிருந்தவன்? அம்மா ஆட்டம் பாக்க வந்திருக்கா, அவ இன்னும் சீட்ட விட்டு எழுந்துக்கலன்னு.”

ஷ்ரேயஸ் நிமிர்ந்து பார்த்தான். அப்படி ஒரு கதை அந்த ஆட்டக்காரருக்குக் கிடையாது. அது வேறு ஒருவருடையது, அதிலும் பாதிதான். சொல்ல வாயெடுத்தவன், மேஜைமேல் இருந்த போன் வரிசையாக அதிர்வதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். விலை ஏறிக்கொண்டிருந்தது. கை கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே அழுதான். ஷ்யாமளா காரம் அதிகமாகிவிட்டதோ என்று நினைத்தாள்.

அவன் போன பிறகு அவள் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து, அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கப் பார்க்க, கேட்காமல் கேட்டதெல்லாம் மேலே வந்தது. வரிசையாக வரவில்லை. ஒருவன் விரல் இன்னொருவன் கையில் ஒடிந்தது. பெட்டிகோவின் கல்யாணத்தில் காஸ்டெல்லானோ மாப்பிள்ளையானான். நடுவில் கடைசிக் கட்டு கறிவேப்பிலையை வேறு யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. வெங்கடகிருஷ்ணன் அணில்களை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தன் வாழ்நாளில் கேட்டறியாத கதைகளைக் கேட்பவர்போலக் கேட்டார். அவள் நிறுத்தினால், “அப்பறம்?” என்றார்.

இரண்டு வருஷமாக இது தினமும் நடக்கிறது. விஷாகாவின் பெயர் அவருக்குத் திரும்பவில்லை. ஆனால் போனில் அவள் குரல் கேட்டால் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு வருகிறார். அவளும் லேப்டாப்பில் செய்கிற வேலையைக் கேட்டி வீட்டிலிருந்தே செய்வதாகச் சொல்லி மாதத்தில் ஒரு வாரம் வந்து தங்குகிறாள். கார்டு சந்தை ஷ்யாமளாவின் போக்குக்குப் பழகிவிட்டது. சாந்தமான முகங்கள் ஏறுகின்றன, புகையிலை மென்றுகொண்டு போஸ் கொடுத்தவர்கள் இறங்குகிறார்கள். ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு ஹார்டுவேர் கடை வைக்கப்போன ஒரு ஆட்டக்காரர், அவளுடைய சித்தப்பா ஜாடையில் இருப்பதால், பெரிய பெரிய சாம்பியன்களுக்கு மேலே நிற்கிறார். முதலில் சேர்ப்பவர்கள் முனகினார்கள். இப்போது விலைப் பட்டியல் போடுகிறவர்கள் அதை அப்படியே அச்சிடுகிறார்கள். கதைகளைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்டியின் கதவைத் தட்டுவதில்லை.

இந்த வாரம் எல்லாக் கார்டுகளும் கொஞ்சம் இறங்கியிருக்கின்றன. ஷ்யாமளாவுக்கு ஜலதோஷம், தொண்டை கட்டியிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று சந்தையில் சொல்கிறார்கள்.