பத்தொன்பதாவது கை

ஹெர்மெஸ் ஒலாஸ்கோகாவுக்கு அன்று ஒரே ஒரு வேலைதான். பத்தொன்பது கைகளை ஒரே நேரத்தில் மேலே தூக்க வைக்க வேண்டும். ஆளுங்கட்சியின் கொறடாவாகப் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். கட்சிக்கு இருந்ததோ பதினெட்டுக் கைகள். முப்பத்தொரு பேர் உட்காரும் உருகுவேயின் மொந்தேவிதேயோ செனட்டில் ஒரு தூதருக்கு ஒப்புதல் கிடைக்கப் பத்தொன்பது வேண்டும். அந்த ஒரு கைக்காக மூன்று மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லை. தூங்கினாலும் கனவில் கைகளே வந்தன.

பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனுக்குத் தூதராகப் போகவேண்டியவர் எல்பியோ பெர்தோமோ. கல்லூரி விடுதியில் ஹெர்மெஸும் அவரும் ஒரே அறை. வெளியுறவுத் துறையில் நாற்பது வருஷம் இருந்தும் எல்பியோ எந்த ஊரிலும் முதல் ஆளாக இருந்ததில்லை. தூதருக்குப் போகப் பிடிக்காத விருந்துக்கெல்லாம் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தவர். வெள்ளத்தில் எல்லைப் பாலத்தில் மாட்டிக்கொண்ட அறுபது லாரி டிரைவர்களை, அந்த ஊர் குவாரனி மொழியிலேயே கெஞ்சியும் மிரட்டியும் வீடு சேர்த்தவரும் அவர்தான். அக்டோபர் வந்தால் எழுபது வயது. அதற்குமேல் துறையில் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு தடவை செனட் தட்டிவிட்டால் அதே பெயரை மறுபடி அனுப்பப்போவதில்லை என்று ஜனாதிபதியும் சொல்லிவிட்டார். இன்று இல்லையென்றால் என்றைக்கும் இல்லை.

எதிர்க்கட்சிக்கு எல்பியோமேல் ஒரே ஒரு புகார். போன வருஷம் பராகுவே தொலைக்காட்சி ஒன்றில், "இந்த வெயிலுக்கு எங்க மாத்தேயவிட உங்க தெரெரேதாங்க சரி" என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தார். இரண்டும் ஒரே இலையில் போடும் பானம்தான். அங்கே ஐஸ் தண்ணீர் ஊற்றுவார்கள், இங்கே வெந்நீர். உருகுவேயில் அரசாங்கத்தைத் திட்டலாம், கால்பந்து அணியைத் திட்டலாம். வெந்நீரைத் திட்டினால் ஓட்டு போய்விடும்.

காலை ஒன்பதரைக்கு அவை கூடியது. தேன் பாட்டில்களில் ஒட்டும் சீட்டைப் பற்றிய மசோதாமேல் எட்டுப் பேர் பேசினார்கள். எட்டாவது ஆள் முதல் ஆள் சொன்னதையே சொன்னார், ஆனால் உணர்ச்சியோடு. சுருக்கெழுத்தாளர்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருவராக வந்து உட்கார்ந்து, ஒரு பெருமூச்சைக்கூட விடாமல் எழுதிக்கொண்டு போனார்கள். இந்த நாட்டில் எது தொலைந்தாலும், தேனைப் பற்றி எட்டுப் பேர் என்ன சொன்னார்கள் என்பது தொலையாது. சிரித்துக்கொண்டே பார்த்தாலும் அது ஒரு பெருமைதான். பிறகு இரண்டு தூதர்களுக்கு முப்பத்தொரு கைகளும் உயர்ந்தன. அவர்கள் எந்தப் பானத்தைப் பற்றியும் கருத்துச் சொன்னதில்லை.

மதியம் எல்பியோவின் முறை வந்தது. அவர் மேலே பார்வையாளர் மாடத்தில், மனைவி பக்கத்தில், பள்ளிக்கூடப் படத்துக்கு உட்கார்ந்தவர் போல விறைப்பாக இருந்தார்.

எதிர்க்கட்சித் தலைவர் தார்தோ இரவோலா எழுந்தார். எண்பது வயது, எண்ணாயிரம் மாடு. அவைக்குள் மாத்தே கொண்டுவரும் வழக்கம் கிடையாது. அவர் மேஜைமேல் ஒரு ஃபிளாஸ்கையும் மாத்தே குடிக்கும் சுரைக்குடுவையையும் எடுத்து வைத்தார்.

அவைத்தலைவர் சுலேமா அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "செனட்டர் இரவோலா, அது என்ன?"

"ஆதாரம், தலைவர் அம்மா."

"ஆதாரத்துல ஆவி பறக்குதே."

"சூடாத்தான் இருக்கணும். எங்க வாதமே அதுதானே."

அவை சிரித்தது. ஹெர்மெஸும் சிரித்துவிட்டு, நாற்பது நிமிஷம் பேசினார். லாரி டிரைவர்களைச் சொன்னார், குவாரனியைச் சொன்னார். "விருந்துக்குப் போன வீட்டுல சாப்பாட்டைக் குறை சொல்ற ஆளையா தூதரா அனுப்பணும்னு கேக்குறீங்க?" என்றார். தார்தோவே, "நல்லாப் பேசுற தம்பி, இருந்தாலும் எங்க ஓட்டு இல்ல" என்றார்.

ஹெர்மெஸ் நம்பியிருந்தது மொரேயிராவை. எந்தக் கட்சியிலும் சேராத ஒரே செனட்டர். "சத்தியமாத் தூக்குறேன் ஒலாஸ்கோகா. உனக்காக இல்ல, அந்த மனுஷனுக்காக" என்று காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்.

"ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்," என்றார் சுலேமா அம்மா.

ஹெர்மெஸ் தன் பக்கம் பார்க்கவில்லை; பதினெட்டும் இருக்கும் என்று தெரியும். மொரேயிராவைப் பார்த்தார். மொரேயிரா குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய ஷூவில் லேஸ் கிடையாது.

முடிந்தது என்று ஹெர்மெஸ் கண்ணை எதிர்வரிசைக்குத் திருப்பினார். அங்கே தார்தோவுக்குப் பக்கத்தில் நிபியா தெச்சேரா உட்கார்ந்திருந்தார். திரெய்ந்த்தா இ திரேஸ் ஊரின் கால்நடை டாக்டர். அந்த ஊர் செனட்டருக்கு அம்மை, முதல் மாற்று உறுப்பினர் பிரேசிலில் மகள் கல்யாணத்தில். அதனால் இரண்டாவது மாற்று உறுப்பினரான நிபியாவுக்குச் செனட்டில் அதுதான் முதல் நாள். ஒருநாள் மட்டுமே. ஹெர்மெஸ் பேசிய நாற்பது நிமிஷமும் தார்தோ குடுவையை நிரப்பி நிரப்பி அவருக்கு நீட்டிக்கொண்டிருந்தார். மாத்தே வழக்கப்படி, வேண்டாமென்றால் வாயைத் திறந்து "நன்றி" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை வந்துகொண்டேதான் இருக்கும். ஓட்டெடுக்கும்போது வாயைத் திறக்கக் கூடாதென்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். ஒன்பதாவது குடுவை மூக்கருகே வந்தபோது நிபியா உள்ளங்கையை உயர்த்தி, போதும் என்று காட்டினார்.

செயலாளர் எண்ணி முடித்தார்.

"முப்பத்தொன்றுக்குப் பத்தொன்பது. ஒப்புதல் அளிக்கப்பட்டது."

மேலே எல்பியோ மனைவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆளுங்கட்சி வரிசையில் கைதட்டல். மொரேயிராதான் தூக்கியிருப்பார் என்று எதிர்க்கட்சி முறைத்தது. எதிர்க்கட்சியில் யாரோ தூக்கியிருப்பார் என்று மொரேயிரா நிம்மதியாக நிமிர்ந்தார். அவையில் இரண்டே பேருக்குத்தான் விஷயம் தெரியும். ஒருவர் ஹெர்மெஸ். இன்னொருவர் நிபியா. தன் கையையே பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து சொல்ல வேண்டும் என்று துடிப்பது தெரிந்தது. ஆனால் பேச அனுமதி கேட்கக் கை தூக்க வேண்டும். கை தூக்கித்தான் இந்த வினையே வந்தது.

சுலேமா அம்மா அடுத்த தாளை எடுத்தார். அதை வாசிக்கத் தொடங்கிவிட்டால் எண்ணினது எண்ணினதுதான். பிறகு யாரும் கேட்க முடியாது. ஊருக்குத் திரும்பினால் நிபியாவை விலைபோனவள் என்பார்கள். மேலே எல்பியோ கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹெர்மெஸ் சும்மா இருந்தால் போதும். பதினோரு வருஷத்தில் யாரும் அவரிடம் சும்மா இருக்கும்படி கேட்டதேயில்லை. இன்றைய நாள் அவரிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

"தலைவர் அம்மா," என்றார் ஹெர்மெஸ். "மறு எண்ணிக்கை வேணும்னு கேக்குறேன்."

"செனட்டர் ஒலாஸ்கோகா, நீங்க ஜெயிச்சிருக்கீங்க."

"தெரியும்மா."

பக்கத்து ஆள் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். "யோவ், உமக்குப் பித்தா? உக்காரும்."

"எண்ணினதுல தப்பு இருக்குன்னு நினைக்கிறேன்," என்றார் ஹெர்மெஸ். "கணக்குல வராத ஒரு கை வந்துருச்சு. யாரோடதுன்னு நான் சொல்லப்போறதில்ல. இன்னொரு தடவை எண்ணிடுங்க."

சுலேமா அம்மா தாளைக் கீழே வைத்தார். "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

ஹெர்மெஸ் கையைத் தூக்கினார், முடிந்தவரை உயரமாக. மொரேயிராவைப் பார்த்தார். இந்தமுறை இன்னொரு ஷூ. எதிரே நிபியா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் முழு எடையையும் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தொன்றுக்குப் பதினெட்டு. ஒப்புதல் மறுக்கப்பட்டது."

இந்தமுறை யாரும் கைதட்டவில்லை, ஜெயித்தவர்கள்கூட. நிபியா தார்தோவின் காதில் ஏதோ சொன்னார். தார்தோ குடுவையைப் பார்த்தார், நிபியாவின் கையைப் பார்த்தார், கடைசியாக எதிர்வரிசையில் ஹெர்மெஸைப் பார்த்தார். மெதுவாக எழுந்தார்.

"ஒரு விஷயம் பதிவாகணும், தலைவர் அம்மா. மறு எண்ணிக்கை கேட்டது ஜெயிச்ச கட்சிக்காரர். ஆள் பேரோட எழுதச் சொல்லுங்க. நாப்பத்திரண்டு வருஷமா இங்க உக்காந்திருக்கேன், இதை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"எழுதியாச்சு," என்றார் சுலேமா அம்மா. அவைத்தலைவர் காட்டக் கூடாத பாராட்டுத் தொனியில்தான் சொன்னார். உடனே பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்.

ஹெர்மெஸ் ஓடினார். எல்பியோ பளிங்குப் படியின் கடைசியில், வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தார். மனைவி டாக்ஸி பிடிக்கப் போயிருந்தார். ஜூலை மாதக் குளிர்காலக் காற்று கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வந்து அறைந்தது.

எல்பியோ திரும்பாமலே கேட்டார். "அந்தக் கையை நீயே பாத்தியா?"

"பாத்தேன்."

"வேற யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏண்டா?"

நாற்பது நிமிஷம் பேசிய ஹெர்மெஸின் வாயிலிருந்து ஒரே வரிதான் வந்தது. "நான் பாத்துட்டேனேடா," என்றார்.

தெருவில் டாக்ஸி எதுவும் நிற்கவில்லை. எல்பியோ எதையோ ஒப்புக்கொள்பவர் போலச் சொன்னார்: "கோட்டு, ஸ்வெட்டர் எல்லாத்தையும் மச்சினனுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். அசுன்சியோன்ல குளிர் ஏதுன்னு."

"எல்லாத்தையுமா?"

"கையுறை உட்பட. அவனும் வாங்கிக்கிட்டான், நாய்."

ஹெர்மெஸ் போட்டிருந்த கம்பளிக் கோட்டைக் கழற்றி நீட்டினார். எல்பியோ அதை வாங்கவில்லை, தள்ளிவிடவும் இல்லை. ஹெர்மெஸ் அவர் தோளில் போட்டுவிட்டார். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

"இதைத் திருப்பித் தர மாட்டேன்," என்றார் எல்பியோ.

"சரி."

"நிஜமாத்தான் சொல்றேன். உன்மேல கோவமா இருக்கேன். அடுத்த வருஷம் வரைக்கும் இருப்பேன்."

"இருந்துக்கோ."

இடைவேளை முடிந்து மேலே மணி அடித்தது. எல்பியோ முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "போ. அங்க ஒழுங்கா எண்ணத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான் இருக்க."

ஹெர்மெஸ் வெறும் சட்டையோடு படியேறினார். கோட்டு இல்லாமல் யாரும் அவைக்குள் வரக் கூடாதென்று விதி உண்டு, வாசல் காவலர் அதில் கறார். அவர் ஹெர்மெஸை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்துவிட்டார்.