வீட்டு எடைக்கல்

...கையெழுத்துப் போடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, ஒரு நாளைக்கு நாற்பது கையெழுத்துப் போடுகிறவள்தான் அவள், ஆனால் அதற்கு முன்னால் மேஜையைப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டாமா, என்று திடீரென்று தோன்றியது, தோன்றியதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆஸ்பத்திரி நடையில், பெஞ்சில், மடியில் அட்டையும் அட்டையில் தாளுமாக உட்கார்ந்துகொண்டு என்ன மேஜை, எந்த மேஜை... தாளில் இருந்ததெல்லாம் ஒரே விஷயம்தான், கர்ப்பப்பையை எடுத்துவிட எனக்குப் பூரண சம்மதம், கீழே ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் வயது முப்பத்தொன்பது என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். நர்ஸ் பேனாவையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போயிருந்தாள், போட்டு வைங்கம்மா, பத்து நிமிஷத்துல வரேன், வியாழக்கிழமை காலையிலயே முடிச்சிடலாம் என்று, தைக்கக் கொடுத்த துணியை வாங்கிக்கொள்ள வரச் சொல்கிற மாதிரி. பக்கத்தில் அக்கா, இந்தப் புழுக்கத்திலும் ஸ்வெட்டரைக் கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு, போடுடி, எதுக்கு வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கே, பரீட்சைப் பேப்பரா அது, எடுத்துட்டா நிம்மதி, நான் எடுத்துக்கலையா, அம்மா எடுத்துக்கலையா, என்றாள், என்றுவிட்டு, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன், குளிருது, என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மேஜை ஏன் நினைவுக்கு வந்தது என்றால் அது தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. பதினெட்டு வருஷமாகக் கடைகடையாகப் போய்த் தராசு சோதிக்கிற உத்தியோகம், சரியாக இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் தள்ளுபடி, அதனால் கடைக்காரர்களுக்கெல்லாம் அவள் முத்திரையம்மா, முத்திரையம்மா வராங்க என்று தெருக்கோடியில் ஒருத்தன் சொன்னால் இந்தக் கோடியில் தராசுத் தட்டைத் துடைக்கிற சத்தம் கேட்கும். போன வாரம்கூட ரொட்டிக்கடைக்காரர் மாவு நிறுக்கிற மெஷினைத் தூக்கிக் குப்பையில் போடுகிறேன் என்று நின்றார், முப்பது கிராம் பொய் சொல்லுதும்மா, புதுசே வாங்கிடறேன், என்று, இருங்க இருங்க என்று அவள் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள், உள்ளே இருக்கிற குமிழி விருட்டென்று ஒரு பக்கமாக ஓடியது, மேஜைக்கால் ஒன்றுக்கு அட்டையை மடித்துக் கொடுத்ததும் மெஷின் ஒரு கிராம்கூடப் பிசகாமல் நின்றது. உங்க மெஷின் யோக்கியன், மேஜைதான் நொண்டி, என்றாள். எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்ன வாக்கியம் அது... தள்ளுபடி முத்திரை குத்துவதற்கு முன்னால் அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் அவள் விட்டதே இல்லை, ஒரு வெங்காயத் தராசுக்குக்கூட அந்த மரியாதை உண்டு, பின்னே தனக்கு?

பத்து நாள் போகும். பதிமூன்று வயதிலிருந்தே பத்து நாள், முதல் ஐந்து நாள் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி, பள்ளிக்கூடத்தில் கூட உட்கார்ந்திருந்தவளுக்கு நாலே நாள் என்று கேள்விப்பட்டு வீட்டில் வந்து கேட்டபோது அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவங்க உடம்பு அப்படி, நம்ம வீட்டு உடம்பு இப்படி, எனக்கும் பத்து, உங்க அக்காவுக்கும் பத்து, போய்ப் படி, என்றாள், அதோடு விஷயம் முடிந்தது. அம்மாவுக்குச் சரி, அக்காவுக்குச் சரி, அதனால் எனக்கும் சரி... அட, இதை எப்படி இத்தனை வருஷம் விட்டுவைத்தேன், என்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மீன் சந்தையில் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும், எங்க கல்லுல குறையே இல்லைம்மா, அவன் கல்லை வெச்சு என் கல்லைப் பார்த்தாச்சு, என் கல்லை வெச்சு அவன் கல்லைப் பார்த்தாச்சு, ரெண்டும் ஒண்ணுதான், என்று சத்தியம் பண்ணினார்கள், ரெண்டும் ஒன்றுதான், ஒரே நாளில் வாங்கி ஒரே உப்புத் தண்ணியில் ஒரே அளவாகத் தேய்ந்த கல், அலுவலகக் கல்லை எதிரில் வைத்தபோதுதான் இரண்டும் நாற்பது கிராம் குறைந்தது தெரிந்தது. சந்தையே சிரித்தது, அவளும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி இன்னொரு தடவை சிரித்தாள். அம்மாவை வைத்து அக்காவை நிறுத்து, அக்காவை வைத்து என்னை நிறுத்து, முத்திரையம்மாவே வீட்டுக் கல்லில் ஏமாந்த கதையை யாரிடம் போய்ச் சொல்வது?

வெளிக்கல்லை வைத்துப் பார்த்தவள் ஒருத்திதான், அந்த மருந்துக்கடைக்காரி, பொல்லாதவள், வாய் நீளம், தராசைச் சோதிக்கப் போனால் சோதிக்கிறவளைச் சோதிப்பாள். இவள் இரும்பு மாத்திரையை வாயில் போட்டு அந்தக் கடையில் கொடுத்த டீயாலேயே விழுங்கினபோது, நிறுத்துங்க நிறுத்துங்க, டீயோடயா, அந்த மாத்திரை உள்ளே போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்த வழியே போயிடும், உடம்புல ஒட்டவே ஒட்டாது, என்று கையைப் பிடித்தாள். அது உண்மைதானே, ஒரு நாளைக்கு எத்தனை கடை, எத்தனை டீ, மத்தியானச் சாப்பாடு என்பது பாதி நாள் நாலு பிஸ்கட், ரத்தம் போவது பத்து நாள், வருவது எங்கிருந்து வரும்... பிறகு முகத்தையே பார்த்துவிட்டு, உங்க புருவத்து வால் எங்கே போச்சு, என்றாள். வாலா, என்ன வால்? புருவத்தோட கடைசிப் பாகம், முடியே இல்லையே, எனக்கும் இப்படித்தான் கொட்டிச்சு, தோல் வறண்டது, குளிர் தாங்காது, மாசம் பத்துப் பன்னிரண்டு நாள் போச்சு, எல்லாரும் கர்ப்பப்பையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, கடைசில பார்த்தா குத்தம் இங்கே, என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், தைராய்டு, அங்கே சுரக்கறது குறைஞ்சா இங்கே நிக்காம போகுமாம், காலையில வெறும் வயித்துல ஒரு சின்ன மாத்திரை, அஞ்சாறு மாசத்துல அஞ்சு நாளா வந்து நின்னுது, எல்லாருக்கும் அதுதான்னு சொல்ல மாட்டேன், ஆனா பார்த்துடுங்க. எனக்கென்னங்க, நான் கல்லு மாதிரி இருக்கேன், என்று சொல்லிவிட்டு வந்தாள், அடுத்த கடைக்கு மூன்று மாடி ஏறினபோது மூச்சு இரைத்தது, அதைக்கூட அவள் மாடியின் குற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

சரி, மருந்துக்கடைக்காரி சொன்னது அவள் உடம்பு, நம்முடையது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என்ன சட்டம், என்று ஒரு மனசு சொல்ல, ஃபேனை நிறுத்தச் சொன்னேனே, என்றாள் அக்கா மறுபடியும், அந்தக் கரகரத்த குரலில். அவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம், உப்பின கன்னம், மெலிந்துபோன பின்னல், புருவம்... பாதிப் புருவம். ஒரு காலத்தில் மூன்று வீடு தள்ளிக் கேட்கிற மணிக்குரல் அக்காவுக்கு, இப்போது போனில் எல்லாரும் சார் சார் என்கிறார்கள், அக்காவும் சலிப்பில்லாமல், சார் இல்லப்பா மேடம், என்று திருத்திக்கொண்டே இருக்கிறாள், வீட்டில் அது ஒரு பெரிய ஜோக். அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஏழு வருஷம் ஆகிறது. எடுத்ததும் ரத்தம் நின்றது, அது நிற்காமல் என்ன செய்யும், ஆனால் குளிர் நின்றதா, களைப்பு நின்றதா, முடி கொட்டுவது நின்றதா? மெஷினை மாற்றி புதுசு வைத்தும் கணக்கு தப்பாகவே வந்தால் ரொட்டிக்கடைக்காரருக்கு என்ன சொல்வாள்? அதுக்கு மேல் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, பேனாவுக்கு மூடியைப் போட்டாள், டாக்டரம்மா அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள், அக்கா, ஏய் எங்கே போறே, என்று எழுந்து பின்னாலேயே வந்தாள்.

சம்மதமா, என்று டாக்டரம்மா கையை நீட்டினாள். இல்லைங்க, ஒரு கேள்வி, என் ரத்தத்துல தைராய்டு பார்த்தீங்களா? சண்டையும் இல்லை, கெஞ்சலும் இல்லை, ரசமட்டம் இருக்கா என்று கடையில் கேட்கிற அதே குரல். டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினாள், முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால், நல்ல பெண், மறைக்கவில்லை, இல்லை, பட்டியல்ல சேர்க்கலை, ஸ்கேன்ல கட்டி தெரிஞ்சதால... கட்டி எவ்வளவு பெரிசுங்க? ஒன்றரை சென்டிமீட்டர். அந்தக் கட்டிதான் இத்தனை ரத்தத்தையும் கொட்டுதுன்னு உங்களால முத்திரை குத்த முடியுமா? டாக்டரம்மாவுக்கு முதலில் கோபம் மாதிரி ஏதோ வந்தது, பிறகு அது சிரிப்பாகத் திரும்பியது, முடியாதும்மா, சின்னக் கட்டிதான், அது இருக்கிற இடமும் அப்படியொண்ணும் மோசமில்லை, உங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படின்னு நீங்களே சொன்னீங்க, எடுக்கறதுக்குத் தயாராவும் வந்தீங்க... ஆமாம், அது என் தப்புதான், வீட்டுக் கல்லை வெச்சு நிறுத்துட்டு வந்தேன், என்றாள் அவள், டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை, பரவாயில்லை. தைராய்டு, உடம்பில் சேர்த்துவைத்திருக்கிற இரும்பு, இன்னும் இரண்டு மூன்று என்று டாக்டரம்மா சீட்டில் எழுதினாள், இரும்பை ஊசியா ஏத்தலாம், டீயைச் சாப்பாட்டுக்கு ரொம்பத் தள்ளி வைங்க, ரெண்டு வாரம் தள்ளிப்போனா ஒண்ணும் ஆகாது, தைராய்டு இல்லைன்னு வந்தா அப்புறம் மத்ததைப் பேசலாம், என்றாள். வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி, பார்த்துவிட்டுத்தான் எதுவும், இனி யார் தள்ளினாலும் அவள் அசையப் போவதில்லை, நர்ஸிடம் பேனாவையும் கையெழுத்தில்லாத தாளையும் திருப்பிக் கொடுத்தபோது அவளுக்கு அலுவலகத்தில் இருக்கிற மாதிரியே இருந்தது, கால் தரையில் நன்றாகப் பதிந்து.

ரத்தம் எடுக்கிற அறையில் நாற்காலி ஒன்றுதான். ஊசி போடுகிற பெண் கையைத் தட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள், அக்கா சுவரோரமாக நின்றாள், வழியெல்லாம் வாயை மூடாமல் வந்தவளின் கை இப்போது கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. என்னக்கா? ஒண்ணுமில்லை. சொல்லு. இல்லடி, எனக்கு எடுத்தப்போ கழுத்துப் பக்கம் யாரும் வரவேயில்லையே, என்றாள் அக்கா, அந்தக் கரகரத்த குரலில் கோபமில்லை, யாரையும் குற்றம் சொல்கிற தோரணையும் இல்லை, ஒரு பழைய சீட்டைத் தேடிப் பார்க்கிறவள் மாதிரி. முப்பத்தாறு வயது அப்போது அக்காவுக்கு, பையனுக்கு ஆறு, ஒவ்வொரு வருஷமும் அவன் பிறந்தநாள் அன்று மட்டும், இன்னொண்ணு இருந்திருக்கலாம், என்று ஒரு தடவை சொல்வாள், சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாள்... அக்கா ஸ்வெட்டரின் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், ஒரு கையை மட்டும் வெளியே இழுத்தாள், எனக்கும் அதையே எடும்மா, என்று அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண் இரண்டு குழாய்களிலும் வயதை எழுதி ஒட்டினாள், முப்பத்தொன்பது, நாற்பத்துமூன்று, நாளைக்குச் சாயங்காலம் தெரியும், என்றாள். தன்னுடையதில் தைராய்டு என்று வரட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், பதினெட்டு வருஷத்தில் ஒரு அளவு இப்படித்தான் வர வேண்டும் என்று ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. அக்காவுடையதில்? வந்தால் குளிர் போகும், குரல் திரும்பும், ஆனால் அந்த ஏழு வருஷத்துக்கும் அந்த இன்னொன்றுக்கும் பதில் சொல்ல ஆள் கிடையாது, வராவிட்டால் மனசு ஆறும், உடம்பு இப்படியே கிடக்கும்... எது வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை, அக்கா முகத்தில் தேடினாள், அக்கா பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு குழாய்களில் எது தன்னுடையது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.