திட்டு வாங்க ஒரு நிறம்

சாயக்காரருக்கு நிறமே தெரியாது என்று அவர் மனைவியே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். பொய்யில்லை. அண்டாவை அடுப்பில் ஏற்றுவது, கம்பளி நூலை முக்குவது, பிழிவது எல்லாம் அவர் பாடு. எந்த நிறத்தோடு எது சேரும் என்பது அவள் தீர்ப்பு. ஈர நூலைப் பார்த்து அவர் துள்ளினால், "காயட்டும், அப்புறம் குதிங்க" என்பாள். காய்ந்தால் நூலும் வெளுக்கும், அவர் முகமும் வெளுக்கும்.

இப்போது அவள் பின்னறைக் கட்டிலில் கிடந்தாள். டாக்டர்கள் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் "சரிங்க" என்றாள். காலமெல்லாம் எதற்கும் சரி சொல்லாதவள் வாயில் அந்த வார்த்தை வரவர அவர் கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு திட்டு விழுந்தால் போதும், இவள் பிழைத்துவிடுவாள் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினார்.

மஞ்சள் நூலில் ஊதாவைச் சொட்டினார். இரண்டும் சேர்ந்த இடமெல்லாம் பழுப்படித்தது. கொண்டுபோய்க் காட்டினார்.

"நல்லாயிருக்குங்க."

ஆரஞ்சில் நீலத்தை ஊற்றி, காயக்கூட விடாமல் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"நல்லாயிருக்கு."

மிச்சச் சாயங்களை ஒன்றாகக் கொட்டுவது அவள் கணக்கில் கொலைக் குற்றம். அதையும் செய்தார். போதாதென்று தளதளவென்று கொதிக்கவிட்டார். நூல் சுருங்கி மொத்தையாகிப் போனது. அந்தக் கண்றாவியை அவள் கையில் வைத்தார்.

விரலால் தடவிப் பார்த்தாள். "என்ன நிறம் இது?"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நீயே சொல்லேன்! சகிக்கல இல்ல?"

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"எனக்கே பிடிக்கலம்மா! நல்லா நாலு வார்த்தை கேளேன்!"

அவள் அந்த மொத்தையை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். அவர் எதற்காக அலைகிறார் என்பது அவளுக்குப் புரிந்துதான் இருந்தது.

"பரவால்லங்க. இனிமே நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கைச்சாயம் முகமெல்லாம் அப்பிக்கொள்ள, வாய்விட்டு அழுதார். விரிப்பெல்லாம் கறையானது. அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.