எந்தக் காந்தம்

காந்தம் அவர் விரலிலிருந்து துள்ளி, கட்டிலின் இரும்புக் காலில் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. மறுபடியும்.

"நகத்தால நெம்பாதீங்க, விளிம்பு உடைஞ்சிரும். பக்கவாட்டுல தள்ளி எடுங்க," என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு இரண்டு இடத்தில் நின்றது.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடுகளவு திருகெல்லாம் மாட்டிப் பழகிய கை, இன்றைக்குப் பார்த்துக் காலை வாரியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வாசலில் வைத்து, "இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளோ நாளைய பந்தயத்துக்குக் காந்தம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். விடுமுறை என்றால் குட்டிக் கார் பந்தயக் கிளப்பே கதி. கையிலுள்ள விசையை அழுத்தினால், மரத் தடத்தில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு பறக்கும் உள்ளங்கையளவு மின்சாரக் கார்கள். அவற்றுக்கு மோட்டார் கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. இனி அவளால் ஓட்ட முடியாது. கூட்டாளி 'ஆமை' ஓட்டப்போகிறான்.

மேசையில் இரண்டு மோட்டார். ஒன்றில் கறுப்புக் காந்தம் பொருத்தியாகிவிட்டது. மற்றதற்குத்தான் இந்தத் துள்ளுகிற வெள்ளிநிறக் காந்தம்.

"வெள்ளிக்கு இழுவை ஜாஸ்தி. விசையை விட்டா கப்புன்னு நிக்கும். கறுப்பு அப்படி நிக்காது, ஆனா நேர்ப்பாதையில பிச்சுக்கிட்டுப் போகும். ரெண்டையும் ஓட விடுங்க, சத்தம் கேக்கணும்."

"எது நல்லதுன்னு உனக்குத்தான் தெரியுமே?"

"யாரு சொன்னா? ஓட்டற கையைப் பொறுத்தது அது."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம். இன்னிக்குக்கூட உனக்கு என்கிட்ட பேச வேற ஒண்ணுமே இல்லையா?"

அவள் அவர் கையிலிருந்த மோட்டாரைக் காட்டினாள்.

"இருக்கு. மொதல்ல இதை முடிங்க." பிறகு, "மோட்டாருக்குள்ள அந்த பிரஷ் ஸ்பிரிங்கை ரொம்ப அழுத்தாதீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைப் பொருத்தினார். வயரைத் தொட்டதும் மோட்டார் உறுமி எழுந்தது. "கேக்குதா? இதுதான் வெள்ளி," என்று திரும்பினார். கண்ணை மூடியிருந்தாள். எப்போதும் அப்படித்தான் கேட்பாள். அவரும் வயரைப் பிடித்தபடியே நின்றார். போர்வை அசையவில்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. மோட்டார் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சேதி கேட்டு அவளுடைய அக்கா அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். "கடைசியா என்ன சொன்னா தம்பி?"

"ஸ்பிரிங்கை அழுத்தாதேன்னா."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் என்ன செய்வார்? சொன்னது அதுதான். 'இருக்கு' என்றாளே, அது என்ன? இதை முடித்த பிறகுதான் சொல்வாளாமே!

கூட்டம் சேர்ந்த பிறகு ஆமை வந்தான். நாற்பதைத் தாண்டிய ஆள், செருப்பைக் கழற்றக்கூடத் தயங்கினான்.

"சார், நாளைக்கு நான் போகல. மனசு வரல."

"நீ போகலேன்னா காலையிலேர்ந்து நான் எதுக்குடா உயிரை விட்டேன்?" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வீடே திரும்பிப் பார்த்தது.

ஆமை குரலைத் தாழ்த்தினான். "அவங்க எதைப் போடச் சொன்னாங்க சார்?"

"சொல்லல."

இரண்டு மோட்டாரையும் எடுத்துவந்தார். அவள் பஸ் ஓட்டும் லட்சணம் நினைவுக்கு வந்தது. திருப்பம் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் பிரேக்கில் கால் வைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர்தான் காலை ஊன்றிக்கொள்வார்.

"வளைவு வந்தா நீ எப்ப விசையை விடுவே?"

"நானா? ரொம்ப முன்னாடியே விட்டுருவேன் சார். பயம். அதானே எனக்கு இந்தப் பேரு."

"அப்ப உனக்கு எதுக்கு அவ்வளவு பிரேக்கு? கறுப்பை எடுத்துக்க."

ஆமை அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஓரமாகப் போய் நின்றான்.

"மயானத்துக்குப் போற வண்டி வந்துருச்சு தம்பி," என்றாள் அக்கா. "கையெல்லாம் என்ன இது, மசி? கழுவிட்டு வாங்க."

பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் சிமெண்ட் தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர், அவள் மோட்டாரின் மசி படிந்த இரண்டு கையையும் தண்ணீர் படாதபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.